உள் நட்டுகள் தளர்ந்த வீல் ஸ்பேசர்: ஒரு நிகழ்வு ஆய்வு

கார் நடுத்தர அளவு செடான், முன்சக்கர இயக்கம். மெதுவாகப் போகும்போது இடது பின்பக்கத்திலிருந்து ‘டக்... டக்’ என்று சத்தம். வேகம் கூடினால் சத்தம் அமுங்கி, பின் இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு மட்டும் மிஞ்சும். வலது பக்கம் வளையும்போது, அதாவது இடது சக்கரத்தின் மேல் பாரம் ஏறும்போது, சத்தம் கூடும். உரிமையாளர் இதற்கு முன்பே இரண்டு இடங்களில் காட்டியிருந்தார். ஓரிடத்தில் வீல் பேலன்சிங் செய்து கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் “பேரிங் போகப் போகுது” என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு இடத்திலும் டார்க் ரெஞ்ச் (குறித்த இறுக்கம் வந்ததும் ‘கிளிக்’ கொடுக்கும் சாவி) போட்டு சக்கர நட்டுகளைச் சரிபார்த்திருக்கிறார்கள். எல்லாம் இறுக்கமாக இருந்தன.

நான் பார்த்தபோதும் அப்படியே இருந்தன. ஐந்து நட்டுகளும் 110 நியூட்டன் மீட்டரில் துளியும் நகராமல் ‘கிளிக்’ கொடுத்தன. தளர்ந்திருந்தவை வேறு ஐந்து நட்டுகள். அவை சக்கரத்துக்குப் பின்னால், சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்துவதற்காக நடுவில் வைக்கும் ஸ்பேசர் என்ற உலோகத் தட்டின் குழிக்குள் இருந்தன. சக்கரத்தைக் கழற்றாமல் அவற்றைப் பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது.

என்ன போட்டிருந்தார்கள்

பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் 20 மி.மீ. தடிமனில் போல்ட்-ஆன் வகை அலுமினிய ஸ்பேசர். முன்பக்கம் 5 மி.மீ. தட்டை ஸ்பேசர். சக்கரங்கள் காரோடு வந்தவைதான். அவை 5×114.3 பிசிடி, அதாவது ஐந்து துளைகளின் மையங்கள் 114.3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்தவை. ஆஃப்செட், அதாவது சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை உள்ள தூரம், 45 மி.மீ. ஸ்பேசர் போட்ட பிறகு பின்பக்க ஆஃப்செட் 25 ஆகிவிட்டது போலத்தான் கணக்கு. இரண்டு பக்கமும் சேர்த்துப் பின்பக்க அகலம் 40 மி.மீ. கூடியிருந்தது. சக்கரம் ஃபெண்டரோடு சமமாக நிற்க வேண்டும் என்பது உரிமையாளரின் ஆசை. அந்த ஆசையில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. போர்ஷே நிறுவனமே சில 911 மாடல்களுக்கு ஸ்பேசர் கொடுத்திருக்கிறது. ஒழுங்காகச் செய்து ஒழுங்காகப் பூட்டிய ஸ்பேசர் தன்னளவில் ஆபத்தான பொருள் இல்லை.

போல்ட்-ஆன் ஸ்பேசரைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு விளக்கம். ஹப்பில் (சக்கரம் மாட்டும் சுழலும் மையப் பாகம்) நீட்டிக்கொண்டிருக்கும் மரையுள்ள கம்பிகளான ஸ்டட்களில் முதலில் ஸ்பேசரை மாட்டி, அதற்கென்று வரும் குட்டை நட்டுகளால் இறுக்க வேண்டும். அந்த நட்டுகள் ஸ்பேசரின் குழிக்குள் அடங்கிவிடும். ஸ்பேசரிலேயே அழுத்திப் பொருத்திய வேறு ஐந்து ஸ்டட்கள் இருக்கும். சக்கரம் அவற்றில் ஏறும். முன்பு சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே ஒரே ஒரு இணைப்பு இருந்தது. இப்போது இரண்டு. வெளி இணைப்பை யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். உள் இணைப்பு மறைந்து கிடக்கிறது.

சக்கரத்தைக் கழற்றியபோது

இடது பின் சக்கரத்தை வெளியே எடுத்ததும் ஒரு நட்டு தரையில் விழுந்தது. அதற்குள் உடைந்த ஸ்டட்டின் முனை மரையோடு அப்படியே இருந்தது. ‘டக்... டக்’ சத்தம் அதிலிருந்துதான். மெதுவாகச் சுற்றும்போது அந்தத் துண்டு குழிக்குள் உருண்டு விழுந்துகொண்டிருந்திருக்கிறது. வேகம் கூடியதும் சுழற்சியின் விசையில் வெளி விளிம்போடு ஒட்டிக்கொள்ளும், சத்தம் நின்றுவிடும்.

மீதி நான்கில் இரண்டு நட்டுகளை விரலாலேயே திருக முடிந்தது. மற்ற இரண்டும் 40 நியூட்டன் மீட்டரைத் தொடுவதற்குள் நகர்ந்தன. ஸ்பேசரின் உள்முகத்தில் செம்பழுப்பும் கறுப்புமாக நைந்த பொடி படிந்திருந்தது. இரண்டு உலோக முகங்கள் மிக நுண்ணிய அளவில் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டே இருந்தால்தான் இப்படிப் பொடி வரும். ஸ்டட் துளைகளில் மூன்று, சுழலும் திசையில் லேசாக நீள்வட்டமாகியிருந்தன. பிரேக் டிஸ்க்கின் முகத்தில் துரு ஏடாக எழும்பியிருந்தது. துருவுக்கு மேலேயே யாரோ கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

இன்னொன்று, சக்கரத்தின் பின்முகத்தில் இருந்தது. அங்கே இரண்டு இடங்களில் பளபளப்பான வட்டப் பள்ளங்கள். ஹப்பின் ஸ்டட்கள் டிஸ்க் முகத்திலிருந்து 27 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தன. ஸ்பேசரோ 20 மி.மீ. மிச்சம் 7 மி.மீ. சக்கரத்தின் பின்பக்கக் குழிகளுக்குள் போயாக வேண்டும். பெரும்பாலான குழிகள் அதற்குப் போதுமான ஆழம் கொண்டவை. இரண்டு மட்டும் ஓரத்தில் ஆழம் குறைந்தவை. அங்கே ஸ்டட் முனை சக்கரத்தை முட்டியிருக்கிறது. சக்கரம் ஸ்பேசரின் முகத்தில் முழுதாக உட்காராமல், ஒரு பக்கம் இந்த இரண்டு முனைகளின் மேல் நின்றிருக்கிறது. இந்த நிலையிலும் வெளி நட்டுகள் 110-ல் கிளிக் கொடுக்கும். நட்டு திரும்பத் தடை இருக்கிறதா என்பதை மட்டும்தான் டார்க் ரெஞ்ச் சொல்லும். அந்த விசை முகத்தோடு முகத்தை அழுத்துகிறதா, இரண்டு ஸ்டட் முனைகளை அழுத்துகிறதா என்று அதற்குத் தெரியாது.

உடைந்த ஸ்டட்டின் முகம்

ஒரு ஸ்டட் எப்படி உடைந்தது என்பதை முறிந்த இடமே பெரும்பாலும் காட்டிவிடும். அளவுக்கு மீறி முறுக்கி உடைத்திருந்தால் மரை இழுபட்டு மெலிந்திருக்கும், முறிவில் முறுக்கின் சுவடு தெரியும். இதில் அப்படி எதுவும் இல்லை. எதிரெதிர் ஓரங்களிலிருந்து உள்நோக்கி அலையலையாக மெல்லிய கோடுகள் வந்திருந்தன. நடுவே ஒரு சின்னப் பட்டை மட்டும் சொரசொரப்பாக இருந்தது. இது களைப்பு முறிவு. ஸ்டட் இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்து, இரண்டு ஓரத்திலும் வெடிப்பு பிறந்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, மிஞ்சிய பட்டை கடைசியில் ஒரேயடியாக விட்டிருக்கிறது. அந்தப் பட்டை சிறியதாக இருப்பதிலிருந்தும் ஒரு செய்தி கிடைக்கிறது. ஸ்டட் மேல் விழுந்த பாரம் பெரிதல்ல, ஆனால் அது நெடுநாள் விழுந்திருக்கிறது. குழியில் இறங்கிய ஒரே அடியில் நடந்த விபத்து இல்லை இது.

வெடிப்பு எங்கிருந்து தொடங்கியது என்பதும் முக்கியம். நட்டின் முதல் மரை ஸ்டட்டைப் பிடிக்கும் இடத்தில். பிடிப்பு முழுதாக இருக்கும்போது ஸ்டட் அங்கே வளையவே வளையாது.

ஏன் தளர்ந்தது

பிடிப்பு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இந்த வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சக்கரம் ஸ்டட்டில் தொங்குவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிக நுண்ணிய அளவில் இழுபடுகிறது. அது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் விசைதான் முகங்களை ஒன்றோடொன்று அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் காரின் எடையையும் பிரேக்கின் விசையையும் தாங்குகிறது.

எம்12×1.5 ஸ்டட்டை (விட்டம் 12 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ.), எண்ணெய் இல்லாத மரையில், 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் சுமார் 40 கிலோ நியூட்டன் அழுத்தம் கிடைக்கும். ஏறக்குறைய நாலு டன். ஐந்து ஸ்டட்டுக்கும் சேர்த்து இருபது டன். உராய்வுக் கெழுவைக் குறைத்து 0.15 என்று வைத்தாலும் மூன்று டன் வரை முகங்கள் வழுக்காது. அந்தப் பின் சக்கரத்தின் மேல் இருந்த எடை சுமார் 350 கிலோ. கையிருப்பு எவ்வளவு இருக்கிறது பாருங்கள். இந்தக் கையிருப்பு இருக்கும்வரை ஸ்டட் மேல் வெட்டு விசை எதுவும் போகாது.

சரி, நாலு டன் இழுப்பில் ஸ்டட் எவ்வளவு நீளும்? தலையிலிருந்து நட்டு வரை இழுபடும் நீளம் சுமார் 25 மி.மீ. எஃகின் கணக்குப்படி பார்த்தால் நீட்சி 0.06 மி.மீ.க்குள்தான் வரும். அவ்வளவே. அந்த நாலு டன் பிடிப்பும் இந்த 0.06 மி.மீ.யில் அடங்கியிருக்கிறது. இடையில் இருக்கும் பொருள் அந்த அளவுக்கு அமுங்கிவிட்டால் நட்டு ஒரு டிகிரி கூடத் திரும்பாமலே பிடிப்பு போய்விடும்.

இப்போது இந்த ஸ்பேசரைப் பாருங்கள். இரண்டு முகத்திலும் நட்டு உட்காரும் கூம்பிலும் பவுடர் கோட்டிங் பூசப்பட்டிருந்தது. பவுடர் கோட்டிங்கின் தடிமன் சாதாரணமாக 0.06 முதல் 0.1 மி.மீ. வரை இருக்கும். அதாவது ஒரு பூச்சின் தடிமனே ஸ்டட்டின் மொத்த நீட்சிக்குச் சமம் அல்லது அதற்கு மேல். அதற்குக் கீழே டிஸ்க் மேல் துரு ஏடும் பெயின்ட்டும். பிரேக் சூட்டில் பூச்சு இளகி நசுங்கும், துரு பொடிந்து உதிரும். சுத்தமான உலோக முகங்கள்கூட முதல் சில நாளில் சில மைக்ரான் அமுங்கி உட்காரும். அது இயல்பு. முதல் 50 - 100 கிலோமீட்டரில் மறுபடி இறுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இந்தக் காரிலும் மறுபடி இறுக்கினார்கள், வெளி நட்டுகளை மட்டும். அமுங்கியது உள்ளே, இறுக்கியது வெளியே. பேலன்சிங்குக்காகச் சக்கரத்தைக் கழற்றிய நேரத்தில் ஸ்பேசர் கண்ணெதிரே நின்றிருக்கும். அப்போதும் யாரும் அதில் ரெஞ்ச் வைக்கவில்லை. ஸ்பேசர் வேலைகளில் என்னை மிகவும் வருத்துவது இதுதான், ஏனென்றால் தெரிந்திருந்தால் சில நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை.

பிடிப்பு குறைந்ததும் முகங்கள் வழுக்கத் தொடங்கின. ஸ்டட்கள் ஒவ்வொரு சுற்றிலும் வளையத் தொடங்கின. ஏற்கெனவே சக்கரத்தை முட்டிக்கொண்டிருந்த இரண்டு முனைகளும் அந்த ஆட்டத்தைக் கூட்டின. உடைந்த ஸ்டட் அந்த இரண்டில் ஒன்று. இடது பக்கமாக இருந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இளகிய நட்டுகள் சுழற்சியில் மெல்லக் கழலும் போக்கு, வலது மரை இருந்தால், இடது பக்கத்தில் அதிகம் என்பது பழைய காலத்திலேயே தெரிந்த விஷயம். 1960களின் கிரைஸ்லர் கார்களில் இடது பக்கத்துக்கு இடது மரை ஸ்டட்களையே வைத்திருந்தார்கள். வலது பின் ஸ்பேசரையும் கழற்றினோம். அங்கே நட்டுகள் பாதி தளர்ந்திருந்தன, எதுவும் உடையவில்லை. அதே பூச்சு, அதே துரு.

முன்பக்கத்துத் தட்டை ஸ்பேசர்

5 மி.மீ. தானே என்று யாரும் கவலைப்படாத பகுதி இது. அளந்து பார்த்தபோது பின்பக்கத்துக்கு நிகராகக் கவலை தந்தது.

தட்டை ஸ்பேசருக்குத் தனி ஸ்டட் கிடையாது, காரின் ஸ்டட்டிலேயே சக்கரத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவே நிற்கும். அதன் தடிமன் நட்டுக்குக் கிடைக்கும் மரையிலிருந்து அப்படியே கழியும். ஸ்பேசர் இல்லாமல் இந்தக் காரில் நட்டு பத்துச் சுற்று ஏறியது. மரை இடைவெளி 1.5 மி.மீ. என்பதால் 5 மி.மீ. ஸ்பேசர் மூன்று சுற்றுக்கு மேல் தின்றுவிடும். மிஞ்சியது ஆறரைச் சுற்று. ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 12 மி.மீ. ஸ்டட்டுக்கு அது எட்டுச் சுற்று. ஆக, பற்றாக்குறை. அலங்கார மூடிய நட்டுகள் போட்டிருந்ததால் இது வெளியே தெரியவில்லை. நட்டைக் கையால் திருகி, சுற்றை எண்ணினால்தான் தெரியும்.

அடுத்தது மையம். ஹப்பின் நடுவில் எழும்பி நிற்கும் வளையத்தில்தான் சக்கரத்தின் சென்டர் போர் (நடுத்துளை) உட்கார்ந்து மையத்தைப் பிடிக்கும். இதில் வளையத்தின் உயரம் 9 மி.மீ. அதில் 5 ஸ்பேசருக்குப் போனது. சக்கரத்தின் துளை வாயில் சாய்வு வெட்டு மூன்று மி.மீ.க்கு மேல் இருந்தது. அப்புறம் சக்கரம் உட்கார மிஞ்சியது ஒரு மெல்லிய விளிம்புதான். ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம் இருப்பதாக உரிமையாளர் போகிற போக்கில் சொல்லியிருந்தார். பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் இது தீராது. சக்கரம் பேலன்சிங் எந்திரத்தில் தன் மையத்தில் சுற்றுகிறது, காரில் அப்படிச் சுற்றவில்லை.

பேரிங்

பேரிங்கைச் சோதித்தோம். ஆட்டமில்லை, உறுமலும் இல்லை. ஹப் முகத்தில் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றியபோது ஏற்ற இறக்கம் 0.05 மி.மீ.க்குள் இருந்தது. ஸ்பேசர் போட்டால் பேரிங் உடனே போய்விடும் என்று பயமுறுத்துவதில் நியாயமில்லை. 350 கிலோ பாரத்தை 20 மி.மீ. வெளியே தள்ளினால் பேரிங்குக்குக் கூடும் திருப்புவிசை 7 கிலோகிராம்-மீட்டர்தான். ஒரு வேகமான வளைவு தரும் திருப்புவிசை அதைப்போல் பல மடங்கு. ஆனால் வளைவு வந்து போகும், இந்த 7 எப்போதும் இருக்கும். ஆயுள் குறையும், அதை மறுக்க முடியாது. முன்பக்கமாக இருந்தால் ஸ்டியரிங் இழுப்பும் மாறும்.

செய்த வேலையும் வைத்த ஒழுங்கும்

இடது பின் ஹப்பில் ஐந்து ஸ்டட்டையும் மாற்றினோம். உடைந்தது ஒன்றுதானே, மற்றவை நன்றாக இருக்கின்றனவே என்றார் உரிமையாளர். “சார், உடைஞ்சது விட்ட பாரத்தை மத்த நாலும் சுமந்திருக்கு. அதுக்குள்ள வெடிப்பு ஆரம்பிச்சிருந்தா கண்ணுக்குத் தெரியாது” என்றேன். ஒத்துக்கொண்டார். துளை நீண்ட ஸ்பேசர் குப்பைக்குப் போனது. வலது பக்கத்து ஸ்பேசரையும் திரும்பப் போடவில்லை. முன்பக்கத் தட்டைகளை எடுத்துவிட்டோம். அவர் மறுபடி கேட்டால் நீளமான ஸ்டட்டும் தனக்கென்று மைய வளையம் உள்ள ஸ்பேசரும் சேர்ந்துதான் போடப்படும் என்று சொல்லிவிட்டேன்.

பின்பக்கத்துக்குப் புதிய ஸ்பேசர் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதனால் 25 மி.மீ. தேர்ந்தெடுத்தோம், ஃபெண்டரில் உரசாது என்பதைப் பாரம் ஏற்றிப் பார்த்த பிறகு. ஸ்டட் வெளியே நீட்டுவது 2 மி.மீ. ஆகக் குறைந்தது, குழிகளில் தாராளமாக அடங்கியது. வார்ப்பு இல்லாமல் கடைந்தெடுத்த 6061-டி6 அலுமினியம், 10.9 தர ஸ்டட்கள், உள்ளே ஹப் வளையத்துக்கும் வெளியே சக்கரத்துக்கும் சரியான மையப் பொருத்தம், முகத்தில் பெயின்ட்டோ பவுடர் கோட்டிங்கோ இல்லை. பல பிசிடிக்குப் பொருந்தும் நீள்துளை ஸ்பேசர்களை நான் தொடுவதே இல்லை. முகம் சேரும் பரப்பும் இல்லை, மையமும் இல்லை. இரண்டு ஸ்பேசரை அடுக்குவதும் அப்படித்தான்.

ஹப் முகத்தையும் டிஸ்க் முகத்தையும் வயர் பிரஷ்ஷால் வெற்று உலோகம் தெரியும்வரை தேய்த்துத் துடைத்தோம். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டி உறைந்துவிடும் என்பதால் மைய வளையத்தில் மட்டும் மெல்லிய கிரீஸ் தடவினோம். முகத்திலும் மரையிலும் கூடாது. மரையில் எண்ணெய் இருந்தால் அதே டார்க்குக்கு (இறுக்கும் முறுக்குவிசைக்கு) ஸ்டட் கால் பங்கோ அதற்கு மேலோ கூடுதலாக இழுபடக்கூடும், உலர் மரைக்குச் சொன்ன எண் அப்போது பொய்யாகிவிடும். நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக இரண்டு தவணையில் இறுக்கினோம். நட்டை அடித்துத் திருகும் இம்பாக்ட் கன் கழற்றுவதற்கு மட்டும். மரைப் பசை போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பேசரைச் செய்தவர் சொல்லியிருந்தால் போடலாம். அது நட்டைத் திரும்ப விடாது, அவ்வளவுதான். பூச்சு நசுங்கிப் போன பிடிப்பை அதனால் திருப்பித் தர முடியாது.

ஒவ்வொரு உள் நட்டிலிருந்தும் ஸ்பேசர் மேல் ஒரு வெள்ளைக் கோடு போட்டோம். நட்டு திரும்பியிருந்தால் கோடு உடையும். கோடு நேராக இருப்பது மட்டும் போதாது என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். திரும்பாமலே பிடிப்பு போவதைத்தான் மேலே பார்த்தோம். ஆகவே 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை, ஹப் ஆறிய நிலையில், சக்கரத்தைக் கழற்றி உள் நட்டுகளுக்கு டார்க் ரெஞ்ச். அதன்பின் ஒவ்வொரு முறை டயர் மாற்றிப்போடும்போதும் அதே சோதனை. கூடவே ஸ்டட் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, முகத்தில் பொடி சேர்ந்திருக்கிறதா, ஸ்பேசரில் அழுத்திய ஸ்டட் எதுவும் தன்னிடத்திலேயே சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டட் சுற்றினால் அந்த ஸ்பேசரின் வேலை முடிந்தது. டயர் கடைக்கோ வேறு யாருக்கோ வண்டியைக் கொடுக்கும்போது உள்ளே ஸ்பேசர் இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்.

அடாப்டர் பற்றி அவர் கேட்டது

போகும்முன் அவர் இன்னொன்று கேட்டார். நண்பரிடம் 5×112 சக்கரங்கள் இருக்கின்றன, கிட்டத்தட்ட ஒரே அளவுதானே, அப்படியே மாட்டினால் என்ன? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஐந்து துளைச் சக்கரத்தில் அடுத்தடுத்த துளை மையங்களின் தூரம், பிசிடியை 0.588-ஆல் பெருக்கினால் வரும். 114.3-க்கு 67.2 மி.மீ., 112-க்கு 65.9 மி.மீ. ஒன்றேகால் மி.மீ. சொச்சம்தான் வேறுபாடு, கண் ஏமாந்துவிடும். நட்டுகளும் வலுக்கட்டாயமாக ஏறிவிடும். ஆனால் ஒவ்வொரு ஸ்டட்டும் உள்நோக்கி வளைந்து, நட்டு கூம்பில் ஒரு ஓரமாக மட்டும் உட்கார்ந்திருக்கும். இந்தக் காரில் உடைந்த ஸ்டட் எந்த வளைவால் உடைந்ததோ, அதே வளைவை முதல் நாளே வைத்துப் பூட்டுவது போல.

சரியான வழி பிசிடி மாற்றும் அடாப்டர். அதில் உள் துளைகளும் வெளி ஸ்டட்களும் ஒன்றுக்கொன்று நடுவே விலகி நிற்கும், அதனால் ஓரளவு தடிமன் இல்லாமல் செய்யவே முடியாது. அந்தத் தடிமனைச் சேர்த்து ஆஃப்செட் கணக்குப் போட வேண்டும். வெளி மைய வளையம் புதிய சக்கரத்தின் சென்டர் போருக்கு இருக்க வேண்டும், பழையதற்கு அல்ல. நட்டின் இருக்கை கூம்பா, உருண்டையா, தட்டையா என்று சக்கரத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். உள் நட்டுகளின் பராமரிப்பு ஸ்பேசருக்குச் சொன்னதேதான். ஜெர்மனி போன்ற நாடுகளில் இத்தகைய பாகத்துக்கு முறையான சான்றும், பொருத்தியபின் ஆய்வாளரின் ஒப்புதலும் பொதுவாக வேண்டும். எங்கே இருந்தாலும் காரின் காப்பீட்டாளரிடம் கேட்டுவிட்டுப் பூட்டுவது நல்லது. இவ்வளவையும் கேட்ட பிறகு அவர் அந்தச் சக்கரங்களை வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

புதிய ஸ்பேசர்களோடு ஓட்டிவிட்டு 100 கிலோமீட்டருக்குள் திரும்ப வந்தார். சக்கரங்களைக் கழற்றினோம். இடது பக்கம் ஒரு உள் நட்டு மட்டும் கிளிக் வருவதற்குமுன் சில டிகிரி நகர்ந்தது. மற்ற ஒன்பதும் அசையவில்லை. நகர்ந்த நட்டின் கோட்டை அழித்துப் புதிதாகப் போட்டோம். அடுத்த சோதனையில் அதுவும் நின்ற இடத்திலேயே நின்றது. சத்தமும் அதிர்வும் இல்லை.